கத்திரிப்பூ நிறத்தில் ஒரு வெள்ளைக் கார்

"இன்னுங் கொஞ்சம் நீலம் ஊத்துய்யா" என்றார் அத்தான்.

பெயிண்டர் அந்தோணி ஊற்றவில்லை. கலக்குகிற குச்சியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் கொட்டகையின் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். சித்திரை வெயிலில் அது படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் இரவு டூட்டி முடித்து, பாசஞ்சர் வண்டியில் நின்றுகொண்டே கோவில்பட்டி வந்து, குளிக்கக்கூட வழியில்லாமல் நேரே அந்தக் கொட்டகைக்கு வந்திருந்தேன். தின்னர் வாசனை மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அத்தான் சாம்பிள் அடித்த டப்பா மூடியை மூக்குவரை கொண்டுபோனார். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பழுப்பா இருக்குய்யா. தும்பப்பூ மாதிரி இருக்கணும்னு சொன்னம்லா? இது துவைக்காத வேட்டி மாதிரில்லா கெடக்கு."

எங்கள் கண்ணுக்கு அந்த மூடி ஏற்கெனவே வெளிர்நீலமாக இருந்தது.

"அண்ணாச்சி, இது இப்பமே..." என்று அந்தோணி வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, டப்பாவைச் சாய்த்து நீலத்தை ஊற்றினார். அந்த நீலத்தில் லேசாக ஒரு சிவப்பு ஓட்டம் உண்டு. வெள்ளையோடு சேரச் சேர அது கத்திரிப்பூவாக மாறிக்கொண்டு வந்தது.

"ஆங்! இப்பம் வருது பாரு வெள்ளை" என்றார் அத்தான்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "பத்திரிகையில ஒம்ம தொடரைப் படிக்கேன். ஒமக்கு அலுத்துக்கிடுறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது, ஐயா. என் ஆயுசில் பாதி அடுத்தவர் காரியத்துக்கு அலைந்தே போயிற்று. அந்த அலைச்சலில் பெரிய அலைச்சல் இந்தக் காருக்குப் பெயிண்ட் அடித்தது. தொண்ணூறுகளின் நடுவில் எப்போதோ. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேப்பம்பூ கொட்டி முடிந்த சமயம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தவளைக் கார்

அத்தான் என்றால் என் அக்கா கோமதியின் வீட்டுக்காரர், சங்கரபாண்டி. கோவில்பட்டியில் ஒரு பஞ்சு மில் முதலாளிக்கு வாலிபத்திலிருந்து டிரைவராக இருந்தவர். சட்டையும் வேட்டியும் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும் அவருக்கு. கிரீஸ் டப்பாவுக்குள் கையை விட்டாலும் வேட்டியில் ஒரு பொட்டு படாது.

அந்த முதலாளியின் மகன் எங்கேயோ ஒரு மலையூர் ஏலத்தில் எடுத்து வந்தது இந்தக் கார். வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் கார் ரகம். இரண்டே சீட்டு. கூரை கிடையாது, பின்பக்கம் மடக்கி வைக்கிற துணி ஹூட்டு. விளக்கு இரண்டும் பானட்டுக்கு மேலே முழித்துக்கொண்டு நிற்கும். நிறம் கரும்பச்சை. தெருப்பிள்ளைகள் தவளைக் கார் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்த மகராசனுக்கு அது ஒரே ஒரு மழைக்காலத்தில் சலித்துவிட்டது. சலிக்காமல் என்ன செய்யும்? கரிசலில் மழை விழுந்தால் மாட்டு வண்டியே சக்கரத்தில் ஒரு மூட்டை மண்ணைச் சுமந்துகொண்டுதான் நகரும். தரையோடு தரையாக ஓடுகிற கார் எங்கே போகும்? இடைசெவல் பக்கம் ஒரு புஞ்சைப் பாதையில் வயிறு வரை புதைந்து, மழை வெறித்து மண் காயும் வரை அங்கேயே கிடந்தது. அப்புறம் பஞ்சு கோடவுனில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வருஷக்கணக்காகக் கொட்டைப்பஞ்சு அதன்மேல் பறந்து விழுந்து, பச்சைத் தவளை வெள்ளைச் செம்மறிக்குட்டி மாதிரி ஆகிவிட்டது.

மில்லை மூடிவிட்டு முதலாளி குடும்பம் மதராசுக்குக் கிளம்பியபோது, பெரியவர், "சங்கரபாண்டி, அத நீயே வச்சுக்கிடு. ஒன்னத் தவிர எவனும் அத மனுசனா மதிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் இரண்டு காளைகளைப் பூட்டி அதை வீட்டுக்கு இழுத்து வந்தார்.

அதை ஓட வைக்க அவர் பட்ட பாட்டை எழுதினால் தனியாக இரண்டு வாரம் ஆகும். டிராக்டர் சாமான், ஆட்டோ சாமான், கிணற்று மோட்டார் சாமான் எல்லாம் அதற்குள் இருந்தது. ஆனால் ஓடியது. அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான். மடக்கிய ஹூட்டின்மேல் ஜமுக்காளத்தை விரித்து, மாப்பிள்ளையை உயரத்தில் உட்கார வைத்து, மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும். அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற மிடுக்கைப் பார்த்தால், கல்யாணம் யாருக்கு என்று சந்தேகம் வரும்.

ஊரில் அந்தக் காரில் ஏறாத ஆள் என் அக்கா ஒருத்திதான்.

"வெக்கங்கெட்ட வண்டி அது. மேலயும் தொறந்து கெடக்கு, சைடும் தொறந்து கெடக்கு. ஊரு பாக்க ஒட்டிக்கிட்டு உக்காந்து போறதுக்கு நான் என்ன புதுப்பொண்ணா?" என்பாள்.

அத்தான் எத்தனையோ தடவை கூப்பிட்டார். கழுகுமலைத் தேருக்குக் கூப்பிட்டார், எட்டயபுரத்துக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில்தான் போனாள். நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்த்தாலே அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

நீல வேட்டி

அத்தானுக்குக் கண் மங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அக்காதான். அதுவும் துணிக்கொடியில்.

தன் வேட்டியை அத்தான் அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார். அவரே துவைத்து, அவரே சொட்டு நீலம் போடுவார். வாளித் தண்ணீரில் நாலைந்து சொட்டு. அது நாளாவட்டத்தில் ஒரு மூடி ஆயிற்று. அப்புறம் குப்பியைக் கவிழ்க்க ஆரம்பித்தார். கொடியில் காய்கிற வேட்டி வானத்து நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஏங்க, நீலம் தூக்கலா இருக்கே?"

"போ ஏட்டி. சவம், எம்புட்டுப் போட்டாலும் மஞ்சளடிச்சுப் போய்க் கெடக்கு. சோப்பு சரியில்ல."

அக்கா அன்றைக்கே எனக்கு ஆள் அனுப்பிவிட்டாள். "ஏய்யா தம்பி, அவியளுக்குக் கண்ணுல என்னவோ ஆயிட்டு. வேட்டி நீலமா கெடக்கு, வெள்ளைன்னு கட்டிட்டுத் திரியுதாக."

பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு ஏதோ பொய் சொல்லிக் கூட்டிப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, இரண்டு கண்ணிலும் புரை என்றார். வலது கண்ணில் நன்றாக முற்றிப் பழுத்துவிட்டது. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரிதான் எல்லாம் தெரியும். இன்னும் தள்ளிப்போட்டால் ஆபரேஷனே சிக்கலாகிவிடும். வைகாசியில் அடுத்த முகாம், அதற்குக் கண்டிப்பாக வந்துவிட வேண்டும் என்றார்.

"வரலம்மா" என்று சொல்லிவிட்டு அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆடு மேய்க்கப் போனவர்

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவரை முரடர் என்று நினைத்துவிடுவீர்கள்.

அத்தானின் ஐயா நாகலாபுரம் பக்கத்து ஆட்டுக்காரர். செம்மறிக் கிடையோடு ஊர் ஊராகப் போய் வந்த மனிதர். அவருக்கும் புரை வந்தது. அந்தக் காலத்து முகாமில் அறுத்துக் கட்டுப் போட்டு, "தலையை அசைக்காமல் படுத்திரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் படுத்துத்தான் இருந்தார். ஆனால் ஆடி மாதக் காற்றில் கிடையிலிருந்து ஒரு குட்டி விடாமல் கத்தியிருக்கிறது. ஆட்டுக்காரனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால் படுக்கை கொள்ளுமா? கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் சீழ் பிடித்துப் போயிற்று. பின்னாலேயே மற்றதும் போயிற்று. சாகிறவரைக்கும் கம்பின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அத்தானும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"மாமா கண்ணு கத்தியாலயா போச்சு? அவுக கட்ட அவுத்ததாலதான போச்சு" என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். கத்தி பட்டுது, கண்ணு போச்சு" என்றார் அத்தான்.

கெஞ்சினோம். சண்டை போட்டோம். அக்கா சோறு பொங்காமல் கிடந்தாள். எனக்கு டூட்டியும் இந்த வீட்டுப் பஞ்சாயத்துமாக நாக்குத் தள்ளிப் போயிற்று. கடைசியில் ஒரு சாயங்காலம், வேப்பமரத்தடியில் நின்ற காரில் முட்டி இடித்துக்கொண்டு அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கரும்பச்சை வண்டி, கருப்பு மண், மசங்குகிற நேரம். எதிரே நின்றும் வண்டி அவருக்குத் தெரியவில்லை.

முட்டியைத் தடவிக்கொண்டே, மற்ற கையால் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மாப்ள, நான் வாரேன். அறுத்துக்கிடுதேன். ஆனா மொதல்ல இந்த வண்டிக்கு வெள்ளை அடிக்கணும். எங் கண்ணுக்குத் தெரியுற மாதிரி நல்ல வெள்ளை. கட்டப் பிரிச்ச பொறவு ஒரேயடியா இருட்டாப் போச்சுன்னா, கடைசியாப் பாத்தது இதுன்னு ஒண்ணு எனக்கு வேணும்லா?"

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "அடிச்சிருவோம்" என்றாள்.

அந்தோணியின் மானம்

வெள்ளை என்றால் ஒரு டப்பா வெள்ளை வாங்கி அடித்துவிட்டுப் போகலாம் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் ஊர் விடவில்லை. செய்தி கசிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிவப்புதான் லட்சணம் என்றார் ஒருவர். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற அச்சாபீஸ்காரர், மஞ்சளில் சிவப்புப் பட்டை போடு, பத்து மைலுக்குத் தெரியும் என்றார். வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கும், கல்யாணத்துக்கு எவன் கூப்பிடுவான் என்று டீக்கடையில் ஒரு கட்சியே சேர்ந்துவிட்டது. அத்தான் யார் பேச்சையும் கேட்கவில்லை.

அந்தோணி டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, பேப்பர் போட்டுத் தேய்த்து, வண்டியைத் தயாராக வைத்திருந்தார். லாரிக்குப் பெயிண்ட் அடிப்பதில் சாத்தூர் வரைக்கும் பேர் வாங்கியவர். டப்பாவைத் திறந்து வெள்ளையை மூடியில் தடவிக் காட்டினார். பால் மாதிரி இருந்தது.

"மஞ்சளால்லா இருக்கு" என்றார் அத்தான்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல வெள்ளை கம்பெனிக்காரன்கிட்டயே கெடையாது."

"எனக்கு வெள்ளை தெரியாதா? பொறந்ததுலருந்து வெள்ளை கட்டுதவன்வே நான்!" கோபத்தில் மூடியை வீசியடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். "வெள்ளையும் வேண்டாம், முகாமும் வேண்டாம்."

அவரைச் சமாதானம் செய்ய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் முகாம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேட்டிக்குப் போடுகிற மாதிரி நீலம் போட்டால் சரியாகிவிடும் என்று அவரே வழி கண்டுபிடித்து வந்தார். அப்போதுதான் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏலே, அவிய எதச் சொல்லுதாகளோ அதுதான் வெள்ளை. மறுபேச்சு பேசாத. எனக்கு அவியளுக்குக் கண்ணு வேணும். வண்டி எந்தக் கலருல போனா என்ன?"

அதனால்தான் அந்தோணியின் காலை மிதித்தேன். அதன் பிறகும் நாலு நடை நடந்தோம். ஒவ்வொரு நடையும் இன்னும் கொஞ்சம் நீலம். கடைசி மூடியைப் பார்த்ததும் அத்தானின் முகம் மலர்ந்துபோயிற்று. "இதுதான்யா, இதுதான் தும்பப்பூ!" என்று அந்தோணியின் தோளைத் தட்டினார்.

அது அச்சு அசல் கத்திரிப்பூ.

அந்தோணி என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார். "சார், இந்தக் கலருல நான் பீரோவுக்குக்கூட அடிச்சதில்ல. நாளைக்கு ரோட்டுல போறவன் பூரா அந்தோணி அடிச்ச வண்டின்னு சொல்லுவான். எம் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"ஒம்ம பேர எழுத வேண்டாம் அண்ணாச்சி. அடிச்சுக் குடுத்துரும். ஒரு மனுசன் கண்ணு விசயம்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்பிரே கன்னை எடுத்தார். பின்பக்கம் எப்போதும் வளைத்து வளைத்து எழுதுகிற பேரை மட்டும் எழுதவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அத்தானைப் பார்க்க வேண்டுமே! வேப்பமரத்தடியில் அதை நிறுத்தி, தெருமுனை வரைக்கும் அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து போனார். "தெரியுதுட்டி கோமு! இங்கன இருந்தே தெரியுது!" என்று கத்தினார். சாயங்காலம் முழுக்க ஒரு ஸ்டூலைப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா நின்று, உதட்டில் விரலை வைத்து ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது. "அருமையான வெள்ளை அண்ணாச்சி" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் அந்த மனிதர் ஆயுசில் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

மாப்பிள்ளை சீட்டு

முகாமுக்குப் போக வேண்டிய காலையில் அத்தான் வாசலில் நின்றுகொண்டு அடுத்த குண்டைப் போட்டார்.

"நான் இந்த வண்டியிலதான் வருவேன். கோமுவும் இதுலதான் வரணும். திரும்பி வாரப்ப அவ மூஞ்சி தெரியுமோ தெரியாதோ."

வண்டியில் இரண்டே சீட்டு. அத்தானால் ஓட்ட முடியாது, ஸ்டியரிங் என்னிடம். பக்கத்துச் சீட்டு அவருக்கு. மிச்சம் இருந்தது மாப்பிள்ளை உட்காருகிற இடம்தான்.

நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள், இத்தனை நாள் அலைந்தது அத்தனையும் வீண் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் காலையில் எனக்கு எதையும் தாங்குகிற தெம்பில்லை. எங்கேயாவது தலையைச் சாய்த்தால் போதும் என்று இருந்தது.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சீட்டுக்குப் பின்னால் காலை இடுக்கி, மடக்கிய ஹூட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் இருவர் தலைக்கும் மேலே அவள். முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். ஒரு கையால் என் சீட்டையும் ஒரு கையால் அத்தானின் தோளையும் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளனவே கிளம்பினோம், கூட்டம் இருக்காது என்று. எங்கே! ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்களை ஏற்றிய வண்டி ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்தன. "ஏ, அங்கன பாருளா, கத்திரிக்கா காரு! மேல மதினி ஊர்கோலம் போறா!" என்று ஒருத்தி கத்தினாள். வண்டியே குலுங்கிச் சிரித்தது.

"என்ன சிரிப்புச் சத்தம்?" என்று அத்தான் கேட்டார்.

"அதுக அதுகளுக்குள்ள ஏதோ பேசிச் சிரிக்கு" என்றாள் அக்கா.

"நம்ம வண்டியப் பாக்காகளா?"

"ஆமா. எல்லாரும் அதத்தான் பாக்காக."

"வெள்ளை நல்லா எடுப்பா இருக்குல்லா?"

"வெள்ளை வெளேர்னு இருக்கு" என்றாள் அக்கா. குரல் அசையவில்லை. ஆனால் என் சீட்டைப் பிடித்திருந்த கையை எடுத்து, முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஏன்தான் இந்த ரயில் இப்படி ஊருகிறதோ என்று, ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டே, அன்றைக்கு அதை வயிறெரியத் திட்டினேன்.

பஜார் முழுக்க அப்படித்தான். விசில் அடித்தார்கள். ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஆட்கள் இறங்கி வந்தே பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது அக்காவின் முகம் வெயிலில் நின்ற மாதிரி சிவந்து கிடந்தது. அத்தானைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். முகாம் பஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆபரேஷனுக்குப் பெரிய ஊருக்குப் போயிற்று. நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து, செருப்போடு கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டேன்.

ஒரு கண், மறு கண்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை எனக்கு. அவர்கள் திரும்புகிற நாளில், அதே பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

பஸ்ஸிலிருந்து கருப்புக் கண்ணாடியோடு வரிசையாகப் பெரியவர்கள் இறங்கினார்கள். அத்தானும் இறங்கினார். பின்னால் மருந்துப் பையோடு அக்கா. படியில் காலை வைக்கும்போது அவர் யார் கையையும் தேடவில்லை. தானே பார்த்து வைத்தார். அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேராக என்னைப் பார்த்து வந்தவர் பாதியில் நின்றார்.

"யாரு வண்டி மாப்ள இது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பக்கத்தில் வந்து முன்விளக்கைத் தடவினார். பானட்டைத் தடவினார். கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கழட்டாதீங்க, வெயிலு படக் கூடாதுன்னு சொன்னாகல்லா" என்றாள் அக்கா.

அவர் காதில் வாங்கவில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அறுத்த கண்ணால் வண்டியைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணை மூடிக்கொண்டு அறுக்காத கண்ணால் பார்த்தார். மறுபடியும் இது. மறுபடியும் அது.

"அறுக்காத கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது. அறுத்த கண்ணுக்குக் கத்திரிப்பூவால்லா தெரியுது" என்றார் மெதுவாக.

இனி கத்தப் போகிறார், அந்தோணியை வெட்டுவேன் குத்துவேன் என்று கிளம்பப் போகிறார், மறுபடியும் டப்பா, மறுபடியும் மூடி, மறுபடியும் அந்தக் கொட்டகை என்று நான் லீவுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கோமு, ஒனக்கு எப்பமுமே இப்படித்தான் தெரிஞ்சுதா?"

"ம்."

"அன்னைக்கு வாரப்பவும்?"

"ம்."

"இதுலயா ஏட்டி நீ... அந்த ஒசரத்துல உக்காந்து... பஜாரு பூரா வந்த?"

அக்கா மருந்துப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ஒங்களுக்குக் கண்ணு வேணும்லா" என்றாள்.

அத்தானின் உதடு கோணிற்று. முகாமில் வேலை செய்கிற நர்ஸ் தூரத்திலிருந்து, "தாத்தா, அழக் கூடாது! கண்ணுல தண்ணி படக் கூடாது!" என்று கத்தினாள். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். பிறகு கருப்புக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு, பின்பக்கமாகப் போய்க் காலைத் தூக்கி வைத்து, மடக்கிய ஹூட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன செய்யுதீங்க? தல ஆடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாகளே!" என்று அக்கா பதறினாள்.

"மாப்ள ஆடாம ஓட்டுவாரு. நீ முன்னால உக்காரு. அன்னைக்கு ஒன்னப் பாத்துச் சிரிச்ச ஊரு, இன்னைக்கு என்னையப் பாத்துச் சிரிக்கட்டும்."

அக்கா உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். பஜாரில் அதே கடைகள், அதே ஆட்கள், அதே விசில். கருப்புக் கண்ணாடியோடு உயரத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். டீக்கடையிலிருந்து ஒருவன் தெருவுக்கே இறங்கி வந்து கையைத் தட்டி, "அண்ணாச்சி, என்ன கலரு இது?" என்று கத்தினான்.

"வெள்ளை" என்றார் அத்தான். "எம் பொண்டாட்டி வெள்ளைன்னு சொல்லிட்டா. வெள்ளைதான்."